பூரணி வீட்டுக் கேஸ்

செல்லசாமி வீட்டார் கேஸ் போடப் போகிறார்கள் என்ற செய்தி தோட்டத்தின் நடுக்கணக்குப் பிரிவு முழுவதும் பரவ ஒரே ஒரு பெரட்டு போதுமாயிருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் வாசித்து, ஆட்களை மலைக்குப் பிரித்து அனுப்பி முடிப்பதற்குள் கேஸ் யார் மேல், எந்தக் கோர்ட்டில், வக்கீல் சிங்களவரா தமிழரா என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் இது எதுவுமே தெரியாமல் நின்ற ஒரே ஆள் செல்லசாமியின் பெண்சாதி பூரணி. அவள் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மழை விடுமா விடாதா என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்தி பிறந்த இடம் தண்ணீர்ப் பீலி. முதல் நாள் சாயந்தரம் பூரணி அங்கே குடம் பிடித்துக்கொண்டிருந்தபோது மகள் லோஜினி லயத்து வாசலில் நின்று கத்தினாள்.

"அம்மோவ்! எல்லாம் வந்துருச்சும்மா. கேஸ் மட்டுந்தான் பாக்கி. கேஸ் இல்லாம ஒண்ணும் செய்ய ஏலாது!"

பீலியில் பக்கத்தில் நின்றவள், லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பரா அறைக்காரி அழகம்மா. அவள் முதலில் நினைத்தது சமையல் கேஸ் சிலிண்டரைத்தான். ஆனால் பூரணி வீட்டில் இன்னும் விறகடுப்பு. ஆகவே இது மற்றக் கேஸ் என்று அவளுக்கு அறிவு தெளிந்தது. தெளிந்த அறிவை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் அழகம்மாவுக்கு இல்லை.

லோஜினி கேட்டது ஒரு பெட்டி. கம்ப்யூட்டரின் உறுப்புகளை உள்ளே மாட்டி மூடுகிற இரும்புப் பெட்டிக்குக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் கேஸ். அதை விளக்கிச் சொல்லப் பீலியடியில் யாரும் கேட்கவுமில்லை, கேட்டிருந்தாலும் நம்பியிருக்கப் போவதில்லை.

லோஜினிக்கு இருபத்தொரு வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கொட்டகலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய்வந்தவள். கொழும்புக் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தபடியே செய்கிற வேலைக்கு ஆள் தேடியது. படங்களில் பேசுவதைக் காதில் கேட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தாக அடித்துக் கொடுக்கிற வேலை. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பரீட்சை. சொந்த மிஷின் இருக்க வேண்டும், போனில் செய்தால் செல்லாது. அது தவறினால் சனிக்கிழமை காலை பஸ். அழகம்மாவின் மகள் நிஷாந்தி நிற்கிற கொழும்புத் துணிக்கடையில் லோஜினிக்கும் ஓர் இடம் சொல்லி வைத்தாகிவிட்டது.

அந்தப் பயணத்துக்கென்று பூரணியே ஒரு நீலப் பை வாங்கி வந்திருந்தாள். அது காம்பராச் சுவரில் ஆணியில் தொங்கியது. அடுப்பில் ரொட்டியைத் திருப்பும்போதெல்லாம் கண்ணில் படும் இடம். பார்க்காமல் ரொட்டி சுடப் பழகியதில் நாலைந்து ரொட்டி கருகிப்போனதுதான் மிச்சம். நிஷாந்தி கொழும்புக்குப் போய் மூன்று வருசம். தீபாவளிக்கு வருவாள், நாலு நாள் நிற்பாள், நாலு நாளும் தூங்குவாள். "போகாதடி" என்று சொல்லப் பூரணிக்கு ஒரு நிமிசம் போதும். சொன்னால் மகள் நின்றுவிடுவாள், நின்றால் அவளும் படங்கு கட்ட வேண்டும். அதனால் பூரணி வாயைத் திறக்கவில்லை. அந்த மிஷின் எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள் உயிர்பெற வேண்டும் என்று லயத்து மாரியம்மனிடம் மட்டும் சொல்லி வைத்தாள். மாரியம்மனுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா என்று அவள் யோசிக்கவில்லை.

கடையில் கட்டி வைத்திருக்கும் மிஷின்களில் கைக்கு எட்டியது வேலைக்கு உதவாது, வேலைக்கு உதவியது கைக்கு எட்டாது. சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கட்டினால் எட்டும் என்று லோஜினி ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டாள். அதைக் கேட்டதும் செல்லசாமியின் நெஞ்சு இரண்டங்குலம் முன்னால் வந்தது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இருபத்தாறு வருசமாக மிஷின் பழுது பார்ப்பவன் அவன்.

"மிஷின் தானே? என் முன்னால எந்த மிஷினும் மூச்சு விடாது" என்றான்.

அது இரண்டு விதத்திலும் உண்மைதான் என்று பூரணி நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஹட்டனுக்குப் பஸ் ஏறினார்கள். நிரோஷனின் கடைப் பலகையில் 'டிஜிட்டல் உலகின் சிகரம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, குடைக்குக் கம்பி மாற்றித் தரப்படும் என்றும் எழுதியிருந்தது. சிகரம் கழுத்துப்பட்டி கட்டி, காலில் செருப்போடு நின்றது.

"வாங்கண்ணே, வாங்கக்கா. என்ன கேமிங்கா, எடிட்டிங்கா?"

"டைப்பிங்" என்றாள் லோஜினி.

நிரோஷனின் முகத்தில் ஒரு விளக்கு அணைந்தது. ஆனாலும் பழக்க தோஷத்தில், கண்ணாடியில் செய்த ஒரு பெட்டியின் சுவிட்சைத் தட்டினான். உள்ளே சிவப்பும் பச்சையும் நீலமும் மாறி மாறி ஓடின.

"இதான் கேஸு. பதினாறு லட்சம் கலரு வரும்."

பூரணி குனிந்து பார்த்தாள். தேர்க் காலத்துக் கோயில் முகப்பு மாதிரி இருந்தது. "தம்பி, இந்த லைட்டு எரிஞ்சா எழுத்து வெரசா வருமா?"

"வராதுக்கா. ஆனா ஒரு கெத்து."

"எங்க காம்பரா பத்துக்குப் பன்னெண்டு தம்பி. அதுல நாங்க மூணு பேரு இருக்கோம். கெத்துக்கு எடமில்ல."

லோஜினி பட்டியலை விரித்தாள். "முதல்ல பிராசஸர் காட்டுங்கண்ணே. அதப் பாத்துட்டுத்தான் அது உக்கார்ற போர்டு."

"அப்பிடித்தான்" என்றான் செல்லசாமி, தானே சொன்னது போல. "ஷாஃப்டப் பாத்துட்டுத்தானே பேரிங் எடுக்கணும்."

நிரோஷன் ஒரு பிராசஸரை எடுத்து வைத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னத் தகடு. செல்லசாமி அதைப் பார்த்து, மிச்சம் எங்கே என்று கேட்க வாயெடுத்து, மகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். பிறகு ஒரு மதர்போர்டு வந்தது. லோஜினி அதன் நடுவிலிருந்த சதுரத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, இது பழைய மாடல். இந்த பிராசஸர் இதுல உக்காராது."

"உக்காரும் தங்கச்சி. லேசா அமுக்குனா..."

"அமுக்குனா உள்ள இருக்க ஊசியெல்லாம் வளைஞ்சிரும்."

"அமுக்கி உக்கார வைக்கிறவன் ஃபிட்டரே இல்ல" என்றான் செல்லசாமி. போன மாதம் ஸ்டோரில் ஒரு பேரிங்கை அவன் சம்மட்டியால் உட்கார வைத்த கதை பூரணிக்குத் தெரியும். அவள் குடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரியான போர்டு மேல் தட்டிலிருந்து தூசியோடு இறங்கியது. ரேம் என்கிற ஞாபகக் குச்சியில் ஒரே பெரியதை எடுப்பதா, சின்னதாக இரண்டா என்று பேச்சு வந்தது. ஜோடியாகப் போட்டால்தான் வேகம் என்றாள் லோஜினி. கொழுந்து மூட்டைக்கு இரண்டு பக்கமும் ஆள் நின்று தூக்குவது மாதிரி என்று பூரணி புரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை. நிரோஷன் இரண்டு வைத்தான். ஒன்று கறுப்புப் பெயிண்டில் மினுங்கியது, மேலே நெருப்புப் படம் வேறு. மற்றது சாம்பல் நிறத்தில், யாரும் கவனிக்காத பிள்ளை மாதிரி இருந்தது.

"ரெண்டும் ஒரே பவர்தான்" என்றான் நிரோஷன். "கறுப்பு லேட்டஸ்ட்டு."

செல்லசாமி இரண்டையும் இரண்டு கையில் ஏந்தி நிறுத்துப் பார்த்தான். கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையைப் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டான். "இந்தக் கறுப்பு வெறுந்தகரம் தம்பி. உள்ள செம்பு இல்ல. எங்க லயத்துக் கரண்டு இருக்கே, அது சாயந்தரமானா படுத்துக்கும், இடி இடிச்சா துள்ளும். அதுக்கு இது ஒரு நாளைக்குத் தாங்காது. சாம்பல எடு."

லோஜினி தன் போனில் ஏதோ தேடிப் பார்த்தாள். "அப்பா சொல்றது சரி. சாம்பல் கலர்தான் நல்லதுன்னு போட்டிருக்கு."

புருசன் சொன்னது சரியாக இருந்த அந்த நேரத்தைப் பூரணி மனதில் குறித்துக்கொண்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை வரை அவனிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். சொன்னால் வீட்டில் இருக்க முடியாது.

"அப்புறம் பசை ஒரு டியூப்" என்றாள் லோஜினி. "பிராசஸருக்கும் காத்தாடிக்கும் நடுவுல பூச."

"கிரீஸா? நம்ம ஸ்டோர்ல ரெண்டு கிலோ டின்னே கெடக்கு!"

"அப்பா, அது கிரீஸ் இல்ல."

"வழவழன்னு இருந்தா கிரீஸ்தான் புள்ள."

"கிரீஸ் பூசுனா மிஷின் வேகும்பா."

கடைசியில் ஆயுதம். நிரோஷன் அறுபத்துநாலு துண்டு உள்ள ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தான். செல்லசாமியின் கண்கள் விரிந்தன. லோஜினி அதைத் தள்ளிவிட்டு, முனையில் காந்தம் உள்ள ஒரே ஒரு நட்சத்திரத் தலை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"அவ்வளவுதானா?" என்றான் செல்லசாமி. "ஒரு மிஷின ஒத்த டிரைவர்ல கட்டுறதா? ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டானுங்க?"

கண்ணாடிக் கேஸ் கடையிலேயே நின்றது. இருந்த மற்றக் கேஸ்களின் விலையும் கைக்கு எட்டவில்லை. ஹார்ட் டிஸ்க் என்கிற ஞாபகத்தட்டு ஒன்றை மட்டும் மறுநாள் பஸ்ஸில் அனுப்புவதாக நிரோஷன் சொன்னான். அது திங்கட்கிழமை சாயந்தரம் வந்து சேர்ந்தது. லோஜினி பீலியைப் பார்த்துக் கத்தியது அப்போதுதான்.

கேஸ் இல்லாமலும் அந்த மிஷின் ஓடும். ஆனால் செல்லசாமியின் காம்பராவில் ஓடாது. விறகடுப்புக் கரி பறக்கிறது, எலிக்கு அது பொதுப் பாதை, இவை எல்லாவற்றுக்கும் மேலே கூரை. ஆனி மாத மழைக்கு அந்தக் காம்பராவில் நாலு இடத்தில் ஒழுகும். ஒரு அலுமினியச் சட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு மார்கரின் டப்பா, மகளின் பழைய சாப்பாட்டுப் பெட்டி என்று பூரணி ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல் போட்டிருந்தாள். நாலும் நாலு சுருதியில் சொட்டும். மூன்று வருசமாகத் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. தலைவர் மூன்று தடவையும் டயரியில் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மலையிலிருந்து வந்து பூரணி ஈரப் படங்கை அவிழ்க்கும்போதே, தலைவர் சின்னராசா இஸ்தோப்புத் திண்ணையில் ஏறிவிட்டார். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, கக்கத்தில் அதே டயரி.

"தங்கச்சி, நான் கேஸு விசயமா வந்தேன்."

பூரணி பேசுவதற்குள் லோஜினி உள்ளிருந்து ஓடி வந்தாள். "ஐயோ மாமா, ஒங்ககிட்ட இருக்கா?"

"எங்கிட்ட இல்லாத கேஸா? முப்பது வருசமா கேஸோடதானே படுத்து எந்திரிக்கிறேன்."

"பழசா இருந்தாலும் பரவாயில்ல மாமா. சின்னதா, உறுதியா இருந்தா போதும்."

"சின்னதா? எடுத்தா பெரிய கேஸா எடுக்கணும் புள்ள. அட்டன்ல பத்தாது. கொழும்பு வரைக்கும் போகணும்."

"கொழும்புல இருந்து வர நாளாகிரும் மாமா. எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

தலைவர் கதிரையில் உட்கார்ந்து டயரியைத் திறந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ளயா! ஒரு கேஸு முடிய எட்டு வருசமாகும். நம்ம பழைய சங்கக் கட்டட கேஸு என் தலைமுடி கறுப்பா இருக்கப்ப ஆரம்பிச்சது."

"அவ்வளவு பழசு வேணாம், துரு பிடிச்சிருக்கும். பின்பக்கம் நல்லா ஓட்டை இருந்தா சரி."

"என்னது?"

"ஓட்டை மாமா. எவ்வளவு ஓட்டை இருக்கோ அவ்வளவு நல்லது. இல்லாட்டி சூடாகிரும்."

"ஓட்டை இருக்க கேஸு நிக்காது புள்ள!" தலைவர் பதறிப்போனார். "எதிர்க்கட்சி வக்கீல் அந்த ஓட்டைக்குள்ளதானே கைய விடுவான்!"

"கையெல்லாம் விடக் கூடாது மாமா. ஷாக் அடிக்கும்."

படங்கின் முடிச்சில் நின்றது பூரணியின் கை. பெரட்டுக் களத்தில் கங்காணி ஏன் தன்னை அக்கா என்று கூப்பிட்டான், மேலதிகாரி கண்டாக்கையா ஏன் தன் கொழுந்தில் முற்றல் இலை தேடவில்லை என்பதெல்லாம் அந்த முடிச்சோடு சேர்ந்து அவிழ்ந்தது. அவள் மகளைத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி உள்ளே அனுப்பினாள்.

அதே நேரம் கூரையிலிருந்து ஒரு சொட்டு இறங்கித் தலைவரின் திறந்த டயரியில் விழுந்து, மூன்று வருசத்து மையைக் கலைத்தது. தலைவர் மேலே பார்த்தார்.

"ஓ! கூரை விசயமா?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே தலைவரே" என்றாள் பூரணி. அது சத்தியம்.

"சொல்ல வேணாம். எனக்குப் புரிஞ்சிருச்சு. சங்கத்த கேக்காம நீங்களே கொழும்புல வக்கீல் புடிச்சிட்டீங்க. சரி, இருக்கட்டும். இனிமே இந்தக் கேஸுக்கு நான் முன்னால நிக்கிறேன்." அவர் தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு, நேரே ஆபீஸ் ரோட்டில் இறங்கினார். ஜெயிக்கிற கேஸ் எது என்று மோப்பம் பிடிப்பதில் அவருக்கு நிகரில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டாக்கையா இக்னேசியஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தோட்டத்து மலை வேலை முழுவதையும் மேய்ப்பவர். அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள், தலையில் புதுத் தகரம். அடுத்த வாரம் தேயிலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து, லயம் எப்படி, தொழிலாளி எப்படி என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்க ஆள் வருகிறது. அந்த நேரத்தில் கோர்ட்டுக் கடிதாசி வந்தால் என்னாகும் என்று தோட்ட மேனேஜரான பெரிய தொரை கேட்ட கேள்வியோடு அவர் வந்திருந்தார். காய்ச்சல் என்று சொல்லி அன்றைக்கு வேலைக்குப் பேர் கொடுக்காமல் வீட்டில் நின்றிருந்த பூரணி இஸ்தோப்புக்கு வந்தாள்.

"என்ன பூரணி, ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எதங்க ஐயா?"

"சரி, சரி. இந்தக் கேஸ கொஞ்சம் தள்ளிப்போட ஏலாதா?"

"வெள்ளிக்கிழமதாங்க ஐயா கெடு. மக கையிலதான் எல்லாம் இருக்கு. இன்னும் உள்ள ஒண்ணும் மாட்டல."

'மாட்டல' என்ற சொல்லைக் கேட்டதும் ஐயா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். யார் யார் மாட்டப் போகிறார்கள் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கூரை ஆட்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "என்னடா வேடிக்கை? நாளைக்குள்ள முடியணும்!"

போகிற வழியில் ஸ்டோருக்குப் போய்ச் செல்லசாமியைத் தனியே கூப்பிட்டார்.

"பெரட்டுக் களத்துல அந்தப் புகார்ப் பெட்டி இருக்கே, அதக் கழட்டிப் பழைய இரும்போட போட்டுரு. வர்றவன் கடைசியா எப்ப தொறந்தீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அந்தப் பெட்டிக்கு ஏழு வயது. தொழிலாளர் குறைகளைக் கேட்பதற்கென்று, நாதஸ்வரம் வைத்துத் திறந்த பெட்டி. பால்மா டின் அளவு போதும் என்று ஆபீஸில் சொன்னபோது, "நம்ம தோட்டத்துப் பிரச்சினைக்கு அது எந்த மூலைக்கு?" என்று தலைவர் வாதாடி, ஒரு சின்ன அலமாரி அளவுக்கு நல்ல இரும்புத் தகட்டில் செய்ய வைத்தார். முன்பக்கத்தில் மனு போட ஒரு வாய். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'திறந்து வைத்தவர்: தோட்டத் தலைவர் சின்னராசா'. பெட்டி கண்டாக்கையாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. ஆகவே யாருக்கும் குறையே இல்லாமல் போயிற்று. சாவி தலைவரிடம் இருந்தது, அல்லது இல்லை.

செல்லசாமி அதைக் கழற்றி நிலத்தில் வைத்தான். சாணால் நீளம் பார்த்தான், அகலம் பார்த்தான். மதர்போர்டு இருபத்துநாலு சென்டிமீட்டர் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. ஜன்னலைப் பார்த்தான்.

"ஐயா, இத நானே வச்சிக்கலாமுங்களா?"

"என் கண்ணுல படாட்டி சரி" என்றது ஜன்னல்.

வீட்டுக்கு வந்ததும் அவன் தன் ஸ்டோர் சாமான் பெட்டியிலிருந்து சம்மட்டியை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் அவமானப்பட்டுக் கிடந்த சம்மட்டி அது. ஒரே அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே காய்ந்துபோன ஒரு குளவிக் கூடு, மூன்று டொஃபித் தாள், மடித்த ஒரு கொப்பித் தாள். ஏழு வருசத்து மொத்த வசூல்.

பூரணி தாளை எடுத்து மகளிடம் நீட்டினாள். லோஜினி பிரித்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அம்மா, இது என் எழுத்து."

"வாசி."

"'மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகுது. அம்மா சட்டி வைத்திருக்கிறா. ஒரு சட்டிதான் இருக்கு, ரெண்டு இடத்தில் ஒழுகுது. கூரை போட்டுத் தர முடியாவிட்டால் இன்னொரு சட்டியாவது தரவும். இப்படிக்கு, செ. லோஜினி, எட்டாம் வகுப்பு.'"

செல்லசாமி முதலில் சிரித்தான். பிறகு மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு பூரணி மேலே பார்த்தாள். பாதிக் கூரையில் புதுத் தகரம் வெளுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் மழை வேறு சத்தத்தில் பெய்தது. இப்போது நாலு சட்டி இருக்கிறது என்று அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு யாராவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை பகலோடு கூரை முடிந்தது. கடைசி ஆணி அடிக்கும் வரை பூரணி கேஸ் எது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆட்கள் ஏணியோடு இறங்கிப் போன பிறகுதான் மேசையை நடுவில் இழுத்துப் போட்டாள். செல்லசாமி ஸ்டோரிலிருந்து கையால் சுற்றும் துளைக் கருவி கொண்டுவந்து பெட்டியின் முதுகில் துளை போட்டான். காத்தாடியை எங்கே வைப்பது என்று லோஜினி யோசித்தபோது அவனுக்கு யோசனை தேவைப்படவில்லை.

"கொழுந்து வாட்டுற தட்டுல எப்பிடி? காத்து கீழ இருந்து வந்து, எலையத் தொட்டு, மேல போகணும். வர்ற வழி ஒண்ணு, போற வழி ஒண்ணு. ரெண்டும் ஒண்ணா இருந்தா எல புளிச்சிரும்."

"அப்ப, காத்தாடி கீழ. போற வழி?"

"அந்தா" என்று அவன் மனு போடும் வாயைக் காட்டினான்.

மதர்போர்டு நேரே இரும்பில் படக் கூடாது. படாமல் தூக்கிப் பிடிக்கச் சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள். அவற்றை முறுக்குகிற வேலையைச் செல்லசாமி கேட்டு வாங்கிக்கொண்டான். ஒற்றை ஸ்க்ரூ டிரைவரைத் தடித்த விரல்களில் பிடித்து, அவன் மூச்சடக்கி வேலை செய்வதைப் பார்க்க, ஆனை கோலம் போடுவது போல இருந்தது. மெல்லிய வயர் முனைகளை அவனால் பிடிக்கவே முடியவில்லை. அதைப் பூரணி வாங்கிக்கொண்டாள். மகள் காட்டக் காட்ட, அரும்பு கிள்ளுகிற இரண்டு விரலால் ஒவ்வொன்றையும் ஊசியில் செருகினாள். புகார்ப் பெட்டிக்கு சுவிட்ச் கிடையாது. ஆகவே செல்லசாமி ஒரு வாசல் மணிப் பொத்தானைப் பக்கத்தில் பொருத்தினான்.

கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்த டோரீன் டீச்சர் கொடுத்த பழைய திரையை மாட்டி, லோஜினி பொத்தானை அமுக்கினாள். காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. மறுபடி அமுக்கினாள். ஒரு சுற்று. நின்றது.

லோஜினி ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். ரேமை மாற்றிப் போட்டாள். ஒரு சுற்று, நின்றது. மணி நாலாயிற்று. அவள் எழுந்து, ஆணியில் தொங்கிய நீலப் பையை எடுத்துத் தூசி தட்டி, திரும்பவும் மாட்டினாள்.

பூரணி போர்டைக் கழற்றிக் கையில் எடுத்தாள். நாலு பக்கமும் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் பார்த்தாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு கிலோ கூடக் குறையக் கணக்கப்பிள்ளையை விடாதவள் அவள்.

"ஏங்க."

"ம்."

"இந்தப் பலகையில ஓட்டை ஆறு. நீங்க மாட்டுன காலு எட்டு. மிச்ச ரெண்டு யாருக்கு?"

செல்லசாமி கூரையைப் பார்த்தான். புதுக் கூரை, நன்றாகத்தான் இருந்தது. "அது... உறுதிக்கு. ஆறு காலு பத்தாதுன்னு நானா ரெண்டு..."

"அப்பா!" லோஜினி பாய்ந்து வந்தாள். "அது போர்டுக்குப் பின்னால குத்துதுப்பா! கரண்டு இரும்புக்கு எறங்குது! அதான் செத்து செத்துப் போகுது!"

"ரோலருக்கெல்லாம் கூட ரெண்டு போல்ட்டு போடுறதுதானே வழக்கம்" என்று அவன் மெதுவாகச் சொன்னான். பிறகு இரண்டு கால்களையும் தானே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

லோஜினி போர்டைத் திரும்ப மாட்டினாள். "அம்மா, நீ அமுக்கு."

பூரணி கையைச் சேலையில் துடைத்துவிட்டு அமுக்கினாள். காத்தாடி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு சின்னக் கூவல் கேட்டது, திரை வெளுத்தது. ஏழு வருசத்தில் ஒரே ஒரு மனு வாங்கிய அந்த வாயிலிருந்து இளஞ்சூட்டுக் காற்று வந்து பூரணியின் முகத்தில் பட்டது.

"பவர் சப்ளை நான் எடுத்ததாக்கும்" என்றான் செல்லசாமி.

"அது சரியாத்தான் எடுத்தீங்க" என்றாள் பூரணி. வெள்ளிக்கிழமை வரை பொறுக்க அவளால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் அரைநாள் வேலைக்கான அரைப்பேர் போட்டுவிட்டுப் பகலோடு வந்தாள். நாலு மணி வரை யாரும் சுடுதண்ணி ஹீட்டர் போடக் கூடாது, போட்டால் கரண்டு படுத்துவிடும் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்தாள். கேஸ் நடக்கிறது என்றதும் ஒருவரும் போடவில்லை. அழகம்மா தன் ரேடியோவைக்கூட அணைத்துவிட்டு, இஸ்தோப்பில் பூரணிக்குப் பக்கத்தில் குந்தினாள். மழை பெய்தது. உள்ளே லோஜினி விசைகளைத் தட்டும் சத்தம், கொழுந்து கிள்ளும் வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா" என்று அழகம்மா கிசுகிசுத்தாள். "எங்க கூரையும் ஒழுகுது. லோஜினிகிட்ட சொல்லி எங்க வீட்டுக்கும் ஒரு கேஸு போட்டுத் தரச் சொல்லேன்."

"சொல்லலாம் புள்ள. ஆனா அந்தப் பெட்டி ஒண்ணுதானே இருந்துச்சு."

அழகம்மாவுக்கு அது விளங்கவில்லை. பூரணி விளக்கவுமில்லை.

நாலரை மணிக்கு லோஜினி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. "திங்கக்கெழம காலையில எட்டு மணிக்கு வேலை ஆரம்பிக்கச் சொல்லி மெசேஜ் வந்திருக்கும்மா."

பூரணி உள்ளே போனாள். ஆணியிலிருந்து நீலப் பையை இறக்கினாள். அலுமினியச் சட்டி, மார்கரின் டப்பா, சாப்பாட்டுப் பெட்டி மூன்றையும் துடைத்து அதற்குள் வைத்தாள். வாளி மட்டும் நுழையவில்லை. பையை அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் தள்ளிவிட்டுத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

தண்ணீர் கொதிப்பதற்குள் தலைவர் வந்துவிட்டார். இன்றைக்குத் தோளில் துண்டு கூட.

"தங்கச்சி, இன்னிக்குத்தானே தவணை? கேஸு என்னாச்சு?"

பூரணி மேசையைக் காட்டினாள். பெயிண்ட் அடிக்க நேரமில்லாததால் சிவப்பு எழுத்து அப்படியே இருந்தது. தன் பெயரைக் கண்டதும் தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். கம்ப்யூட்டரைத் தான் எப்போது திறந்து வைத்தோம் என்று அவருக்கு ஞாபகமில்லை. ஆனால் வைக்காமலா எழுதியிருப்பார்கள்?

"இதுதாங்க தலைவரே கேஸு."

அவர் கிட்டே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்னால் குனிந்து, செல்லசாமி போட்ட துளைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, எல்லாம் ஓட்டையா இருக்கே?"

"ஆமாங்க" என்றாள் பூரணி, தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே. "ஓட்டையோடதான் நிக்குது."